மனக்கோயிலுக்கு அஸ்திவாரம் போடுவோம்



இந்த இதழில் பூசலார் நாயனாரைப் பற்றிச் சில வார்த்தை பேச ஆசைப்படுகிறேன். அறுபத்து மூன்று நாயன்மார்களில், கையில் காசில்லாமல், ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கோயிலையே கட்டி முடித்தவர் அவர். தேவார வகுப்பில் சின்ன வயதிலேயே இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் வீட்டை விட்டு, ஊரை விட்டு, ஒரு பெரிய பட்டணத்தில் வாடகை அறையில் படுத்துக்கொண்டு யோசிக்கும்போது இதே கதை வேறு மாதிரி கேட்கிறது.

நான் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கோலாலம்பூரில் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெரிய ஞானம் எதுவும் எனக்குக் கிடையாது. ஆனால் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர், அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, சாமி கும்பிடுறதெல்லாம் தோட்டத்தோட சரிண்ணே. இங்க வந்து எதுக்கு? யாரு பாக்கப் போறா?" கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இந்தக் கேள்வி நம்மில் நிறையப் பேர் மனசுக்குள் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்க வெட்கம், அவ்வளவுதான். அதனால் அதற்குப் பதில் தேட வேண்டியது நம் எல்லாருடைய கடமை.

தானாக வந்த பக்தி

தோட்டத்தில் பக்திக்கென்று நாம் தனியாக எந்த முயற்சியும் எடுக்க வேண்டியதில்லை. காலையில் பனி விலகுவதற்கு முன்பே பெரட்டுக்குப் போகிறவர்கள், கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் லயத்தில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்கும். அம்மா வேலை முடிந்து வந்ததும், "குளிச்சிட்டு ஓடுடா, பூசைக்கு மணி அடிச்சிருவாங்க" என்று விரட்டுவார். அந்தக் குளிரில் குளிப்பதே ஒரு தவம்! வருஷத் திருவிழா வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உபயம். பந்தல் கட்ட ஒரு கூட்டம், அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஒரு கூட்டம். ஒரு நாள் நீங்கள் போகாவிட்டால் மறுநாள் பத்துப் பேர் கேட்பார்கள்: "என்னப்பா, நேத்து கோயில் பக்கம் ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்தக் கேள்வி சின்ன வயதில் தொந்தரவாகத் தெரியும். ஆனால் யோசிச்சுப் பாருங்க, அந்தக் கேள்விதான் நமக்கு வேலி. நாம் இருக்கிறோமா, சாப்பிட்டோமா, நல்லா இருக்கிறோமா என்று ஓர் ஊரே கணக்கு வைத்திருந்தது. கோயில் அந்தக் கணக்குப் புத்தகம்.

எண்ணிப் பார்க்க ஆளில்லாத ஊர்

கோலாலம்பூரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பதினோராவது மாடியில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். கேமரன் மலைக் குளிரில் கனத்த போர்வைக்குள் தூங்கிப் பழகிய உடம்புக்கு, இங்கே விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் வேர்க்கிறது. காலை 8 மணி வகுப்புக்கு 6.30-க்கே எல்.ஆர்.டி. நிலையத்தில் நிற்க வேண்டும். பெட்டிக்குள் தோளோடு தோள் உரசித்தான் நிற்கிறோம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் கைப்பேசியில். பகல் முழுக்க வகுப்பு, ஆய்வுக்கூடம், அசைன்மெண்ட். இரவு மாமாக் கடையில் ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே ஓ. வீட்டுக்கு வந்து துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டால் முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" இரண்டாவது கேள்வி, "கோயிலுக்குப் போனியா?" நாள் முழுக்க நம்மிடம் இந்த இரண்டையும் கேட்கிற ஒரே ஆள் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

வெளியூர் போன பிள்ளை கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் பயப்படுவது குடி, சிகரெட், கூடாத சேர்க்கை இவற்றை நினைத்துத்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கும் முன்னால் வரும் ஓர் ஆபத்தை நான் இங்கே பார்க்கிறேன். நம்மை யாரும் எண்ணிப் பார்க்காத ஊரில், நாமே நம்மை எண்ணுவதை விட்டுவிடுகிறோம். சாமி கும்பிடாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் சாப்பிடாவிட்டால் யார் பார்ப்பார்கள். அப்புறம் வகுப்புக்கு பொந்தேங் போட்டால் யார் பார்ப்பார்கள். கடைசியில், நான் இல்லாமலே போனாலும் யார் பார்ப்பார்கள் என்கிற இடம்வரை அது இழுத்துக்கொண்டு போகும். சாமியில் தொடங்கிய அலட்சியம் நம் உயிரில் வந்து நிற்கும். அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

நமக்கு முன்னால் வந்தவர்கள்

சரி, ஊர் மாறி வந்து தனியாக நின்றது நாம்தான் முதல் தலைமுறையா? இல்லையே.

கேமரன் மலைக்கு அந்தப் பெயர் வந்தது, 1885-இல் அந்தப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்பவரால். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். இதெல்லாம் சுற்றுலாப் பலகைகளில் படிக்கலாம். பலகையில் பெயர் இல்லாதவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மேகத்துக்குள் இருந்த அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் வெயிலில் காய்ந்த உடம்பு. காடு அழித்து, செங்குத்தான சரிவில் தேயிலை நட்டார்கள். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. ஏற்கெனவே வந்தவர்கள் மெல்ல மெல்ல இந்த மண்ணிலேயே வேர்விட்டார்கள்.

அவர்கள் வந்து இறங்கியபோது அங்கே கோயில் இருந்ததா? கோபுரம் இருந்ததா, குருக்கள் இருந்தாரா? தோட்டக் கோயில்களின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டால் அநேகமாக ஒரே மாதிரிதான் சொல்வார்கள். முதலில் மரத்தடியில் ஒரு கல். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து "மாரியம்மா" என்றோ "முனியய்யா" என்றோ ஒரு கூப்பாடு. அப்புறம் அத்தாப்புக் கூரை, அப்புறம் தகரம், அப்புறம் சிமெண்டு. நாம் பிறக்கும்போது கட்டி முடித்திருந்த கோயில், அவர்களுக்கு முதலில் மனசுக்குள் மட்டும்தான் இருந்தது. கப்பலில் துணி மூட்டைக்குள்ளே யாருக்கும் தெரியாமல் வந்த கோயில் அது.

ஆக, புது ஊரில் கோயிலை மனசுக்குள்ளிருந்து கட்டுவது நம் குடும்பத் தொழில். அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்கிற குருதான் பூசலார்.

பூசலார் போட்ட திட்டம்

தொண்டை நாட்டில் திருநின்றவூர். இன்றைக்குச் சென்னையிலிருந்து திருவள்ளூர் போகிற ரயில் பாதையில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மறையவர் பூசலார். சிவபெருமானுக்குக் கற்கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. பணத்துக்கு அலைந்தார், தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் மனத்திலேயே கட்டுவது என்று முடிவு செய்தார்.

இங்கேதான் நாம் கதையை வேகமாகக் கடந்துவிடுகிறோம். "மனசுல நெனச்சாரு, கோயில் வந்துருச்சு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். சேக்கிழார் அப்படி முடிக்கவில்லை. பூசலார் முதலில் மனத்துக்குள் பொருள் சேர்க்கிறார். கல், மரம், மற்ற சாமான்கள் எல்லாவற்றையும் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடிப் பிடிக்கிறார். நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போடுகிறார். ஆகம முறை தவறாமல் அடுக்கடுக்காக மேலே எழுப்புகிறார். இரவிலும் கண் மூடாமல் வேலை நடக்கிறது. சிகரம் வைக்கிறார், சுதை வேலை முடிக்கிறார், கிணறு தோண்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் வெட்டுகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் இறைவனை எழுந்தருளச் செய்ய நாள் குறிக்கிறார். இப்படிப் பல நாள் ஓடியது.

பொறியியல் படிக்கிற எனக்கு இதைப் பார்த்தால் ஆச்சரியம்தான். கற்பனையில் கட்டுகிற கோயில்தானே! கண்ணை மூடி, முடிந்த கோபுரத்தை ஒரே நொடியில் பார்த்திருக்கலாமே? அஸ்திவாரம் எதற்கு, கிணறு எதற்கு? ஆனால் அவர் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. யாரும் பரிசோதிக்க வராத வேலையை, ஊரே பார்க்கிற வேலையைப் போலச் செய்தார். "யாரு பாக்கப் போறா?" என்ற கேள்வியே அவரிடம் எழவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கொழுந்தை வாட விட வேண்டும், உருட்ட வேண்டும், காற்றுப்பட்டு நிறம் மாறும்வரை விட வேண்டும், அதற்குப் பிறகுதான் உலர்த்த வேண்டும். ஒரு படியைத் தாண்டினாலும் வாசம் வராது. மலையிலும் அப்படித்தான். கொழுந்து பறிக்கிற சுற்று தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். செடிமேல் கோபித்துப் பயனில்லை, நாள் தவறியது நாம்தான். பக்தியும் ஒரு பயிர். அதற்குச் சுற்று உண்டு, நேரம் உண்டு. 'மூடு' வரும்போது கும்பிடலாம் என்று விட்டால் அது முற்றிப் போகும்.

கற்கோயில் வேண்டாமா?

"அப்போ மனசுலயே கோயில் இருக்கு, நேர்ல எதுக்குப் போகணும்?" என்று சிலர் கேட்பார்கள். பூசலார் பெயரைச் சொல்லியே சோம்பேறித்தனம் பண்ணுகிற ஆட்கள் உண்டு!

கதையின் அடுத்த பகுதியைப் பாருங்கள். அதே காலத்தில் காடவர் மன்னன் காஞ்சியில் பெரிய கற்கோயில் கட்டுகிறான். அவன் ராஜசிம்ம பல்லவன் என்றும், அந்தக் கோயில் காஞ்சி கைலாசநாதர் கோயில் என்றும் அறிஞர்கள் சொல்வார்கள். அவன் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாகிவிட்டது. முந்தின இரவு இறைவன் மன்னன் கனவில் வருகிறார். திருநின்றவூரில் அன்பன் ஒருவன் நெடுநாளாக நினைந்து கட்டிய கோயிலுக்கு நாளை நாம் போக வேண்டும், நீ உன் விழாவை இன்னொரு நாள் வைத்துக்கொள் என்கிறார்.

கவனிச்சீங்களா? "உன் கற்கோயில் எனக்கு வேண்டாம்" என்று இறைவன் சொல்லவில்லை. நாளைத்தான் மாற்றச் சொன்னார். அந்தக் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இன்றும் நிற்கிறது. பூசலாரும் முதலில் கல்லில்தான் கட்ட ஆசைப்பட்டார். மனக்கோயில் அவருக்குச் சுலபமான குறுக்கு வழியாக இருக்கவில்லை. முடிந்தவர் கல்லில் கட்டட்டும், முடியாதவர் மனத்தில் கட்டட்டும், இரண்டையும் அவர் ஏற்றுக்கொள்வார். நமக்கோ இரண்டுமே முடியும். பாசார் செனியில் இறங்கினால் 1873-இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம். கொமூட்டரில் ஏறினால் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். 272 படி ஏற அரை மணி நேரம்கூட ஆகாது. போகாமல் இருக்கக் காரணம் தேட வேண்டாம்.

மன்னன் செய்த பெரிய காரியம்

இந்தக் கதையில் பூசலாரை எல்லாரும் கொண்டாடுகிறோம். மன்னனை மறந்துவிடுகிறோம். கனவு கண்டு எழுந்தவன் என்ன செய்தான்? "சரி, அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்" என்று திரும்பிப் படுத்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. இறைவனே இடம் தேடிப் போகிற அந்த அன்பர் யார் என்று தேடிக்கொண்டு திருநின்றவூருக்கே போனான். "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று ஊராரைக் கேட்டான். அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லையே என்றார்கள். பக்கத்திலேயே இருந்த ஊராருக்கு ஒன்றும் தெரியவில்லை. மன்னன் விடவில்லை. அவர் இருந்த இடத்துக்குத் தானே போய்க் கேட்டான், விஷயம் தெரிந்ததும் மண்ணில் விழுந்து வணங்கினான்.

தம்பி கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? அவர் பார்க்கிறார். பார்ப்பதோடு விடவில்லை. பார்த்ததை இன்னொரு மனிதனிடம் சொல்லி, "போய்ப் பார்" என்று அனுப்பவும் செய்கிறார். நாம் வெளியூரில் இருக்கிறோம் என்றால், பல நேரம் அனுப்பப்படுகிற அந்த ஆள் நாம்தான்.

எங்கள் அடுக்குமாடியில், எங்களுக்கு இரண்டு மாடி கீழே, ஜொகூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் இருந்தார். நான்கு நாளாக வகுப்பில் காணோம் என்று அவரோடு படிக்கிறவர் சொன்னார். நாங்கள் மூன்று பேர் போய்க் கதவைத் தட்டினோம். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார். "இல்லண்ணே, லேசா காய்ச்சல்." அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. மேசையில் மெகி பாக்கெட்டுகள். நாங்கள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. சோறு தாபாவ் வாங்கி வந்து, கீழே உட்கார்ந்து, நான்கு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மறுநாளும் போனோம். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார். கடன் பணம் கைக்கு வரத் தாமதமாகிவிட்டது. வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை, கேட்க மனசு வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை மெகி. படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவே செய்திருந்தார்.

அப்புறம் சீனியர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டார்கள். கட்டணத்துக்குத் தவணை கேட்க ஒருவர் கூடப் போனார். இன்றைக்கு அவர் படித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடித் திருமுறை பாடுவோம். அவரும் வருவார். பாட மாட்டார். எல்லாம் முடிந்ததும் பாத்திரம் கழுவுவார். பாடச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. அவர் மனசுக்குள் எந்தக் கல் அடுக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

தோட்டக் கோயில் காத்திருக்கிறது

இன்னொரு உண்மையையும் பேசிவிட வேண்டும். நாம் படிக்க இறங்கி வந்த அதே பாதையில், நம் குடும்பங்களும் இறங்கி வந்துகொண்டிருக்கின்றன. மலையில் இன்றைக்குக் கொழுந்து வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன் வந்த மாதிரியே வீட்டை விட்டு வந்தவர்கள், அவர்களை மரியாதையோடு பார்ப்போம். ஆனால் லயத்தில் ஆள் குறைந்தால் கோயிலில் விளக்கேற்றும் கையும் குறைகிறது. எங்கள் தோட்டக் கோயிலில் பந்தல் கட்ட ஏணி ஏறுகிறவர்களுக்கு இப்போது அறுபது வயது.

நம்மில் பலர் மறுபடி தோட்டத்தில் குடியிருக்கப் போவதில்லை. அது பாவம் இல்லை. நம்மை அங்கிருந்து மேலேற்றிவிடத்தான் அவர்கள் மலையேறினார்கள். ஆனால் திருவிழாவுக்குப் போகலாமே? நான்கு மணி நேர பஸ் பயணம்தானே? போகும்போது வேட்டியோடு மட்டும் போகாமல், படித்த வித்தையோடும் போங்கள். மின்பொறியியல் மாணவர்கள் சேர்ந்து, தகுதி பெற்ற வயர்மேன் ஒருவரையும் அழைத்துப்போய், கோயிலின் பழைய வயரிங்கைச் சரிபார்க்கலாம். சிவில் படிக்கிறவர்கள் மழைத் தண்ணீர் சுவரில் இறங்காமல் வடிகால் வழி பார்க்கலாம். கணக்கியல் மாணவர்கள் நிர்வாகத்தின் வரவு செலவை ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாம். ஒரு நாள் கோத்தோங் ரோயோங். நம் பெரியோர் இதற்கு வைத்த பெயர் உழவாரப் பணி.

இந்த வாரமே தொடங்குவோம்

பெரிதாக எதுவும் வேண்டாம். முதலில் ஒரு நேரத்தைக் குறியுங்கள். காலை குளித்ததும் ஐந்து நிமிடம். வீட்டுக்காரர் சூடம், விளக்கு ஏற்றக் கூடாது என்று சொல்லியிருந்தால் கவலை வேண்டாம். திருநீறு போதும், மூடிய கண் போதும். வாரத்துக்கு ஒரு திருமுறைப் பாடல் பொருள் தெரிந்து படியுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள், போனால் ஒரு துடைப்பத்தையாவது கையில் எடுங்கள். கடைசியாக, உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ இரண்டு மூன்று நாளாகக் கண்ணில் படாத ஒருவர் இருப்பார். அவர் கதவைத் தட்டி, "பசியாறிட்டியா?" என்று கேளுங்கள். நம் அம்மா ஃபோனில் கேட்கிற அந்த முதல் கேள்வியை, கேட்க ஆளில்லாத ஒருவரிடம் நாம் கேட்போம்.

ஐப்பசி அனுடம் பூசலார் குருபூசை. இந்த ஆண்டு அந்த நாளில் நீங்கள் இருக்கிற அறையில், அடுக்குமாடியில், விடுதியில் நான்கு பேராவது கூடி அவரை நினையுங்கள். திருநின்றவூரில் இன்று இருதயாலீஸ்வரர் என்ற பெயரில் இறைவன் கோயில் கொண்டிருக்கிறார். யாரும் பார்க்காமல் ஒருவர் மனசுக்குள் கட்டியது, இன்றைக்கு ஊரே போய்க் கும்பிடுகிற கோயிலாக நிற்கிறது. நாம் இன்றைக்கு வைக்கிற ஒரு கல்லும் வீண்போகாது.

எல்லாம் வல்ல இறைவன் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் துணை இருப்பாராக.

திருச்சிற்றம்பலம்.